வீட்டுக்கு ஒருத்தர்

9 ஜூன், திங்கள்

எஸ்.பி. அலுவலகத்தில் இன்று கூட்டம். மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் எஸ்.பி. மேடம் நல்ல மனுஷி. போலீஸ் என்பது ஊரைப் போலவே இருக்க வேண்டும் என்றார். ஊரில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேரும் ஸ்டேஷனுக்கு உள்ளேயும் இருக்க வேண்டுமாம். ஏற்கெனவே இருக்கிறார்கள், லாக்கப்பில், என்று சொல்ல நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

"இவ்வளவு நீளக் கடற்கரை இருக்கு நமக்கு. மீனவக் குப்பத்துலேருந்து வந்தவங்க கையைத் தூக்குங்க."

நான் தூக்கினேன். பின்வரிசையில் இன்னொரு கை தெரிந்தது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், அது மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டிய கை.

நாகமுத்து, சிறப்பு உதவி ஆய்வாளர், மணல்வாசல் காவல் நிலையம். சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் சோழிக்குப்பம். ஸ்டேஷனில் எனக்கு 'மீன்வளத்துறை' என்று பெயர். கரையில் பிணம் ஒதுங்கினால் நான். குப்பத்தில் சண்டை என்றால் நான். அதிகாரி வீட்டு விசேஷத்துக்கு நல்ல வஞ்சிரம் வேண்டுமென்றால் கண்டிப்பாக நான்.

திரும்பும்போது ஜீப்பில் இன்ஸ்பெக்டர் மயில்வாகனன் சொன்னார்: "நாகமுத்து, உங்க ஆளுங்கள்ல நாலு பேரையாவது செலக்‌ஷனுக்கு எழுத வைக்கணும். மேடம் நம்ம ஸ்டேஷன் பேரைக் குறிச்சுக்கிட்டாங்க. கேஸு கீஸு இல்லாத ஆளா பாரு. பேரு ஒரு எஃப்.ஐ.ஆர்.ல இருந்தாலும் எடுக்க மாட்டாங்க."

"குப்பத்துல கேஸு இல்லாத ஆளுன்னா தொட்டில்லதான்யா தேடணும்."

அவர் சிரிக்கவில்லை. எதையும் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் செய்கிறவர், சிரிப்பது உட்பட.

15 ஜூன், ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விடியற்காலையில் படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கரையில் மிச்சமிருந்த பையன்களை வலைக்கூடத்தில் பிடித்து உட்காரவைத்து அரசு வேலையின் அருமை பெருமைகளைப் பேசினேன். மாதாமாதம் சம்பளம், சமுதாயத்தில் மரியாதை.

"மரியாதைன்னா, உங்களுக்கு இருக்கே, அந்த மாதிரியா சித்தப்பா?" என்றான் ஒருவன்.

"தொப்பை அவங்களே குடுப்பாங்களா, நாம கொண்டு போவணுமா?" என்றான் அடுத்தவன்.

"நம்மளப் புடிக்க நம்மளையே அனுப்பப் பாக்குறாங்கடா. ஜீப்புக்கு டீசல் மிச்சம்."

எழுந்து வெளியே வந்தேன். வாசலில் நிரோஷா நின்றிருந்தாள். என் பங்காளி வைரக்கண்ணுவின் ஒரே மகள். தாய் இல்லை. பி.காம். முடித்துவிட்டு மணல்வாசல் கடைத்தெருவில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள்.

"பொண்ணுங்க எழுதலாமா சித்தப்பா?"

"தாராளமா. உனக்கு எதுக்கு இந்த ஆசை?"

"நம்ம பொம்பளைங்க புகார் குடுக்க வந்தா மீன் கவிச்சின்னு வெளியவே நிக்க வெச்சுடுறாங்க. உள்ள ஒருத்தி இருந்தா உள்ள கூப்புடுவால்ல?"

எனக்கு இது புதுச் செய்தி. வராந்தாவில் காற்று நன்றாக வரும் என்பதால் நான்தான் அவர்களை அங்கேயே இருக்கச் சொல்வது வழக்கம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத்துத் தேர்வு. கெஞ்சிக் கூத்தாடி நாலு பேரை விண்ணப்பிக்க வைத்திருந்தேன். ஒருவன் நல்ல மீன்பாடு என்று கடலுக்குப் போய்விட்டான். ஒருவன் தூங்கிவிட்டான். இன்னொருவன் தேர்வு நடக்கும் பள்ளிக்கூடம் வரை வந்து, அங்கே நின்ற போலீஸைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் ஓடிவிட்டான். நிரோஷா மட்டும் எழுதினாள்.

14 அக்டோபர், செவ்வாய்

பாஸ்! இன்ஸ்பெக்டரே கைகொடுத்தார். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி தையல்நாயகி மீன் செதில் சீவிக்கொண்டே, "அந்தப் புள்ளையாவது வேலை செய்யுற போலீசா வரட்டும்" என்றாள். அடுப்பில் இருந்த குழம்புக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

29 அக்டோபர், புதன்

உடல்தகுதித் தேர்வுக்காகக் காலையில் கடற்கரையில் ஓட்டப் பயிற்சி. அவள் ஓட, நான் விசில் ஊத, வைரக்கண்ணு அண்ணன் படகு மேல் உட்கார்ந்து பார்த்தார். "நீயும் ஓடிக் காட்டு நாகு, அது உன்னையப் பாத்துக் கத்துக்கட்டும்" என்று ஏற்றிவிட்டார். ஓடினேன். தொடையில் சுளுக்கு. அவளுக்கு இல்லை.

12 நவம்பர், புதன்

ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டெறிதல் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். இனி மருத்துவச் சோதனையும், நன்னடத்தை விசாரணையும் மட்டும் பாக்கி. சோழிக்குப்பத்திலிருந்து போலீஸுக்குப் போகும் முதல் பெண். எஸ்.பி. மேடம் எங்கள் இரண்டு பேரையும் வரவழைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். "நீங்க மாடல் நாகமுத்து" என்றார். இந்த உடம்பை இதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அண்ணன் தெருவுக்கே பஜ்ஜி போட்டார். நிரோஷா என்னிடம் தனியாக வந்து, "இனிமே ஒண்ணும் ஆவாதுல்ல சித்தப்பா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

24 நவம்பர், திங்கள்

ஆற்று முகத்துவாரம் மணல் மூடிப்போய் இரண்டு வருஷமாகிறது. தூர்வாருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று அலையில் வைரக்கண்ணு அண்ணனின் படகு அந்தத் திட்டில் மோதிக் கவிழ்ந்துவிட்டது. உயிர் தப்பியது. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "ஓட்டப்பந்தயத்துக்கு நான் பேரு குடுக்கலைப்பா" என்று என்னிடம் சிரிக்கிறார். நிரோஷா சிரிக்கவில்லை.

2 டிசம்பர், செவ்வாய்

ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர் நாட்டார் அமிர்தலிங்கம் கூட்டம் போட்டு முடிவு சொல்லிவிட்டார். தூர்வாரக் கேட்டு வியாழக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியல். வீட்டுக்கு ஒருத்தர் வர வேண்டும். எங்கள் ஊரில் இது தவறாது. ஆள் வராத வீட்டுக்கு அபராதம். அபராதத்தைக் கட்டிவிடலாம். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வாசல் மிதிக்காது, அதைத்தான் தாங்க முடியாது.

என் வீட்டிலிருந்து எப்போதும் தையல்நாயகி போவாள். போன மறியலில் நான் முதலில் தூக்கி வேனில் ஏற்றிய ஆள் அவள்தான். அவள் என்னைத் திட்டிய வார்த்தைகளை மைக் பிடித்த டி.வி. பையன் இரண்டு தடவை ஒளிபரப்பினான்.

வைரக்கண்ணு வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் கட்டிலில். நிரோஷாவைப் போய்ப் பார்த்தேன்.

"நீ போவாத. கேஸுல பேரு வந்துச்சுன்னா வேலை அவ்வளவுதான். நாட்டார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அப்பா காலு ஒடிஞ்சதே அந்த மணல்லதான் சித்தப்பா. அதுக்குத்தான் ஊரே போய் உக்காருது. நாங்க மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கணுமா?"

"அப்பாருக்கு இந்த கேஸு விஷயமெல்லாம் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா, கட்டோட அவரு வந்து ரோட்டுல படுத்துக்குவாரு." உள்ளே கட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "பின்வரிசையில உக்காருறேன். பேரு வராம பாத்துக்குவீங்கல்ல?"

"நான் இருக்கேன்ல" என்றேன். இரண்டாவது தடவையாகவும் அதையேதான் சொன்னேன்.

4 டிசம்பர், வியாழன்

மறியல் நல்லபடியாக நடந்தது. இப்படி எழுதுகிற போலீஸ்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊரே சாலையில் உட்கார்ந்தது. நிரோஷா முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தாள். தாசில்தார் வந்து பொங்கலுக்குள் தூர்வாருவதாகச் சொன்னார். எந்தப் பொங்கல் என்று யாரும் கேட்கவில்லை. கலைந்தார்கள்.

மாலையில் வழக்கு. யார் பேரைப் போடுவது என்பதை நாட்டாரும் நாங்களும் உட்கார்ந்து பேசி முடிப்பது இங்கே நெடுநாள் பழக்கம். படிக்கிற பிள்ளைகளும் வெளிநாடு போகிறவர்களும் விலக்கு. தெருவுக்கு ஒரு வீடு, முறை வைத்து, அந்த வீட்டுப் பெரியவர் பேர். அவர்களும் ஊருக்காகக் கேஸ் வாங்கினேன் என்று கோயில் வாசலில் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவார்கள். பிறகு சிலர் பேரைப் போட்டு 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவோம்.

வடக்குத் தெருவில் இந்த முறை வைரக்கண்ணு வீடு. கால் ஒடிந்து கிடப்பவரை எப்படிப் போடுவது? அந்த வீட்டுப் பக்கமே விசாரணை திரும்ப வேண்டாம் என்று, அதே தெரு பக்கிரிசாமிப் பெரியவர் பேரை எழுதச் சொன்னேன். ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஜோசப்ராஜ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

இன்றைக்குக் கொஞ்சம் திருப்தியாகவே தூங்கப் போகிறேன்.

9 டிசம்பர், செவ்வாய். சென்னை

என்னைப் பேச அழைத்து வந்திருக்கிறார்கள்! 'காவல் பணியில் சமூகப் பிரதிநிதித்துவம்' என்று கருத்தரங்கு. பெரிய ஓட்டல். குளிர்சாதனத்தில் என் மீசையே விறைத்துவிட்டது. எஸ்.பி. மேடம் என்னைப் பலருக்கு அறிமுகம் செய்தார். எல்லோரும் என் கையைக் குலுக்கிவிட்டு மீனைப் பற்றியே கேட்டார்கள். ஓர் அம்மா நல்ல நெத்திலியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று குறிப்பெடுத்துக்கொண்டார்.

மேடையில் ஐந்து நிமிஷம் பேசினேன். "குப்பத்து மனுஷனோட கஷ்டம் குப்பத்து மனுஷனுக்குத்தான் தெரியும். அவன் பேரு தெரிஞ்சவன், அவன் வீடு தெரிஞ்சவன் ஸ்டேஷன்ல இருக்கணும். அடுத்த வருஷம் எங்க நிரோஷா இங்க வந்து என்னைவிட நல்லாப் பேசும்" என்றேன். பலத்த கைதட்டல். சால்வை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் பொம்மை.

நாளைக்கும் கருத்தரங்கு இருக்கிறது. ஊரிலிருந்து ஜோசப்ராஜ் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். மேடையில் இருந்ததால் எடுக்கவில்லை. ஏதாவது அதிகாரிக்கு இறால் கேட்டிருப்பான்.

11 டிசம்பர், வியாழன்

இறால் இல்லை.

நடந்தது இது. பக்கிரிசாமியின் மகன் வடக்குத் தெருக் குழாயடியில் நின்று, "உம்பொண்ணு போலீசாவப் போவுது, அதனால உன் வூட்டுக் கேஸை எங்கப்பன் தலையில கட்டிட்டீங்களா?" என்று வைரக்கண்ணு அண்ணனைக் கேட்டிருக்கிறான். அண்ணனுக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, மாவுக்கட்டோடு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். எங்கள் வீட்டு முறையை எங்களுக்கே எழுதுங்கள், பக்கிரிசாமி பேரை எடுத்துவிடுங்கள் என்று.

ஜோசப்ராஜ் சொன்னான்: "எவ்வளவோ சொன்னேன் சார், வீட்டுக்குப் போங்க பெரியவரேன்னு. 'அப்ப எங்க வூடு ஊருக்குள்ள இல்லியா'ன்னு கேக்குறாரு. சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வெளிய வந்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் விதிப்படி கேட்டிருக்கிறார்: "கால் ஒடைஞ்ச ஆளு ரோட்டுல எப்படி உக்காந்தீங்க? வராதவர் பேரை நான் எழுத முடியாது."

"எனக்குப் பதிலா எம்மவ வந்துச்சுங்க. வூட்டுக்கு ஒருத்தர் வந்தாச்சு."

"பேர் என்ன?"

பேரைச் சொல்லி, தந்தை பெயரையும் கணீரென்று சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 'மற்றும் பலர்' என்று நாங்கள் திறந்து வைத்திருந்த கதவு வழியாக அவள் பேர் உள்ளே போய்விட்டது. அன்று மாலையே கோர்ட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது.

எங்கள் ஸ்டேஷனில் மறியல் கேஸில் உண்மை எழுதிய ஒரே நாள் இதுவாகத்தான் இருக்கும். அன்று நான் சென்னையில் நெத்திலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

12 டிசம்பர், வெள்ளி

சண்டை போடத்தான் போனேன். தெருமுனையிலிருந்தே வசனத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் பக்கிரிசாமியின் மகன் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனானாம்.

"வா நாகு. மெட்ராஸுல சால்வையெல்லாம் போட்டாங்களாமே?"

"அண்ணே, நீங்க என்ன காரியம்..."

அவர் பின்னால் நிரோஷா நின்றிருந்தாள். தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம்.

"என்ன காரியம்? நல்ல காரியம்தான்" என்றார் அவர். "நாளைக்கு அது தொப்பி போட்டுக்கிட்டு வரும்போது ஊருல ஒருத்தன் கையை நீட்டிப் பேசக் கூடாதுப்பா. ஊரு ரோட்டுல உக்காந்தப்ப இவளும் உக்காந்தா, கேஸு வாங்குனப்ப இவளும் வாங்குனா. இவ நம்ம ஆளு. புரியுதா? தப்பா நெனைச்சுக்காத, உன்னைய ஊருல அப்படிச் சொல்றதில்ல."

தப்பாக நினைக்கவில்லை. டீ குடித்தேன். சர்க்கரை அதிகம்.

வெளியே வந்து வேலிப் படலுக்கு அருகில் நிரோஷா சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ஜோசப் சார் கடைக்கு வந்து சொன்னாரு. அப்பாவுக்குத் தெரிய வேணாம் சித்தப்பா. ஒரு தடவை ஒடைஞ்சது போதும் அவருக்கு."

"நான் பாக்குறேம்மா. மேல பேசறேன்."

"சரி சித்தப்பா" என்றாள், ஒரு பெரியவரைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

18 டிசம்பர், வியாழன்

ஒரு வாரமாக ஓடுகிறேன். சுளுக்குத் தொடையோடு.

இன்ஸ்பெக்டர்: "எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? அந்தப் பொண்ணுன்னு தெரிஞ்சப்ப எனக்கும் கை நின்னுச்சு. ஆனா வந்தது உண்மை, வீடியோவுலயும் இருக்கு, அப்பனே எழுதிக் குடுக்கறான். நான் எப்படிய்யா எழுதாம விடுறது?" அவரிடம் குற்றம் கண்டுபிடிக்கத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதுவும் ஒரு கஷ்டம்.

வக்கீல்: கேஸை ரத்து செய்ய மனு போடலாம், முடிய ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். தேர்வு அதுவரை நிற்காது. விடுதலையானாலும் எடுப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது.

நாட்டாரிடம் ரகசியமாகச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்து, "ஒண்ணு பண்ணலாம் நாகமுத்து. அந்தப் புள்ளைக்கு வேலை குடுக்கச் சொல்லி நாளைக்கே ரோட்டுல உக்காருவோம்" என்றார். காலில் விழாத குறையாகத் தடுத்துவிட்டு வந்தேன்.

எஸ்.பி. மேடத்தை இன்று பார்த்தேன். நின்றபடியே முழுக்கக் கேட்டார். முகம் வாடிவிட்டது. நிஜமாகத்தான். "விதி இருக்கு நாகமுத்து. என் கையில எதுவும் இல்ல. கவர்மென்ட்தான் மாத்தணும். நான் எழுதறேன்." எழுதுவார். நல்ல மனுஷி. நான் சல்யூட் அடித்துத் திரும்பும்போது கூப்பிட்டார்.

"அந்தக் குப்பத்துல வேற யாராவது இருக்காங்களா?"

7 ஜனவரி, புதன்

நன்னடத்தை விசாரணைத் தாள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. பெயர் நிரோஷா, தந்தை பெயர் வைரக்கண்ணு. இன்ஸ்பெக்டர் என் மேஜையில் வைத்தார். "நீயே போய் விசாரிச்சு எழுதிடு. ஊரைப் பத்தி உனக்குத்தான் தெரியும்."

மேடையில் நான் சொன்ன வார்த்தை. அவர் அங்கே இல்லை, தற்செயல்தான்.

9 ஜனவரி, வெள்ளி

விசாரணைக்குப் போனேன். அண்ணனுக்கும் தெருவுக்கும் எதுவும் தெரியாது. இதோடு சீருடை வந்துவிடும் என்ற நினைப்பில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் வாக்குமூலம் போதும். தெருவே வந்துவிட்டது. பக்கிரிசாமிப் பெரியவர் தடி ஊன்றி வந்து முதல் ஆளாக நின்றார்.

"எழுதிக்க தம்பி. இந்தப் புள்ள மாதிரி ஒரு புள்ள இந்தக் கரையில இல்ல."

"எம்பேத்திக்கு கணக்கு சொல்லிக் குடுத்துச்சுன்னு போடுங்க."

"ஒரு நாளு ஒருத்தனை நிமிந்து பாத்ததில்ல."

"நீ சும்மா இரு, போலீசுக்குப் போற பொண்ணு நிமிந்துதான் பாக்கணும். அதை அடிச்சுடுங்க சார்."

எல்லாம் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். என் வேலையில் இவ்வளவு நல்லதை நான் ஒரே ஆளைப் பற்றி எழுதியது கிடையாது. தையல்நாயகி பற்றிக் கேட்டாலும் எழுத மாட்டேன். நிரோஷா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். விதிப்படி அவளிடமும் கேட்க வேண்டும்.

"உங்கள் மீது வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?" என்று எழுத்துத் தமிழில் கேட்டேன். பேச்சுத் தமிழில் வாய் வரவில்லை.

"ஆமாங்க சார்" என்றாள். முதல் தடவையாகச் சார்.

அண்ணன் கட்டிலிலிருந்து பெருமையாகச் சிரித்தார். "ஊருக்காக வாங்குன கேஸு. அதையும் நல்லா எழுதிக்க நாகு."

எழுதிக்கொண்டேன்.

13 ஜனவரி, செவ்வாய்

அறிக்கை போய்விட்டது.

28 ஜனவரி, புதன்

வழக்கைக் காட்டி அவளை நிராகரித்த தகவல் செல்போனில் வந்திருக்கிறது. கடையிலிருந்து நேராக என்னிடம் வந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்கு ஏதாவது காரணம் சொல்லணும் சித்தப்பா. நான் சொன்னா கண்டுபிடிச்சுடுவாரு. நீங்க சொல்லுங்க. மெடிக்கல்ல போயிடுச்சுன்னு."

"மெடிக்கல்ல எது?"

யோசித்தாள். உயரம் என்றால் ஊரே அளக்கும். இதயம் என்றால் அவர் பயந்துவிடுவார். "கண்ணு" என்றாள்.

1 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"கண்ணா?" என்றார் அண்ணன். "கரையில நின்னுக்கிட்டு, அவ்வளவு தூரம் போன படகுல எது நம்மளுதுன்னு சொல்ற பொண்ணுக்குக் கண்ணு தெரியலியா? எந்தக் குருட்டு டாக்டருடா பாத்தான்?"

"மிஷின்ல பாக்கறது அண்ணே. மிஷின் சொல்லிட்டா..."

"நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த? இத்தினி வருஷமா உள்ள இருக்க. மேடையில ஏறிப் பேசுற. ஒரு புள்ளைக்காக ஒரு வார்த்தை பேச முடியல உன்னால." குரல் இறங்கியது. "இல்ல, உனக்குப் போட்டியா இன்னொரு ஆளு வந்துடக் கூடாதுன்னு நீயே கெடுத்துட்டியா நாகு?"

வாசலில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. நாளைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நகைச்சுவை சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். எதுவும் வரவில்லை.

வீட்டில் தையல்நாயகி, "உண்மையச் சொல்லிட்டு வர வேண்டியதுதான? நீங்க ஏன் கெட்ட பேரு வாங்கணும்?" என்றாள்.

"அவரு கையெழுத்துதான் காரணம்னு சொல்லவா?"

சோறு போட்டாள். மீன் தலையை எனக்கே வைத்தாள்.

7 பிப்ரவரி, சனி

வடக்குத் தெருவில் என்னிடம் யாரும் பேசவில்லை. எஸ்.பி. அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. அடுத்த தேர்வுக்குக் கடலோரக் குப்பங்களிலிருந்து ஆள் சேர்க்க என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள்.

15 பிப்ரவரி, ஞாயிறு

கரைக்குப் போனேன். அண்ணனுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. தடியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். கூப்பிட்டார்.

"வா. அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. பாரு, நேத்து டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் இவளுக்குக் கண்ணாடி வாங்கிட்டேன். அடுத்த வருஷம் எந்த மிஷினு என்ன சொல்லும்னு பாக்கலாம்."

நிரோஷா பக்கத்தில் நின்றிருந்தாள். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. கடைக்காரரிடம் தனியாகச் சொல்லிப் பவர் இல்லாத கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பது எனக்கு உடனே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்த வருஷமும் விசாரணைக்கு நீதான வருவ?" என்றார்.

"நான்தாண்ணே வருவேன்."

"அது போதும்." தடியை நீட்டிக் கடலைக் காட்டினார். தூரத்தில் கடுகளவு ஒரு படகு. எனக்கு அது படகா பறவையா என்றே தெரியவில்லை. "இப்ப சொல்லு பாப்பா. அந்தா போவுதே, அது யாருது?"

நிரோஷா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பக்கிரிசாமித் தாத்தா வூட்டுதுப்பா" என்றாள். "இப்பத்தான் நல்லாத் தெரியுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன்.